பென்டிரைவில் இருந்த தாங்கல்

அடி அண்ணாமலை,
ஞாயிறு காலை.

மரியாதைக்கும் சந்தேகத்துக்கும் ஒருங்கே உரிய சித்தப்பா வேடியப்பன் அவர்களுக்கு, அண்ணன் மகன் மாறன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது:

பென்டிரைவில் இருந்த கொக்குத்தாங்கலை அழித்தது நீங்கள்தான்.

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று அப்பா பக்கத்தில் நின்று சொல்கிறார். விசாரிக்க என்ன இருக்கிறது? பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் பனைமர உயரப் பேனரில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நலமாகத்தான் இருக்கிறீர்கள். எங்கள் நலம் என்றால், கிணற்றில் தண்ணீர் இறங்குகிறது, அப்பாவுக்கு பிரஷர் ஏறுகிறது, அம்மா இரண்டையும் மாறி மாறி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஊரில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். நேரில் வந்தால் "சித்தப்பா குளிக்கிறாரு" என்று உள்ளேயிருந்து நீங்களே குரல் கொடுக்கிறீர்கள். போன் செய்தால் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். காகிதத்தைத் தடுக்கும் வசதி இன்னும் எந்தப் போனிலும் வரவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பிறகு எதுவும் தெரியாது என்று நீங்கள் சொல்லக் கூடாது. நம் நிலத்துக்கு மேற்கே இருக்கும் அந்தச் சின்ன ஏரியை, உங்கள் அப்பாவும் என் தாத்தாவுமான ஒரே மனிதர் மாடு குளிப்பாட்டிய அந்தக் கொக்குத்தாங்கலை, தியான விடுதிக்காரன் டிப்பர் டிப்பராக மண் கொட்டி மூடிக்கொண்டிருக்கிறான். அங்கே ரூம் எடுத்துத் தங்குகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மன அமைதி தேடுவார்களாம். நாங்கள் கண்ணைத் திறந்துகொண்டு கிணற்றில் தண்ணீர் தேட வேண்டும். அப்பா மனு கொடுத்தார். விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். அவர் முன்னால் வெள்ளை வேட்டியில் போய் நின்று நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது: "இதுல தண்ணி நின்னு நான் பார்த்ததே இல்லீங்க சார். நான் பொறந்ததுல இருந்து இது பொட்டக்காடுதான். எங்க அண்ணனுக்கு வயசாயிடுச்சு, எங்க பார்த்தாலும் தண்ணியாத் தெரியுது." அதிகாரி சிரித்தார். அப்பா காலடியில் இருந்த ஈர மண்ணை அள்ளிக் காட்டினார். பதிவில் தரிசு என்றுதான் இருக்கிறது, தண்ணீர் நின்றதற்கு ஆதாரம் இருந்தால் திங்கட்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் மனுவை முடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். ஏறும்போது அவர் செருப்பில் சேறு ஒட்டியிருந்தது. அதையும் நீங்கள்தான் குச்சியால் சுரண்டிவிட்டீர்கள்.

அந்த ஆதாரம் எலேன் அம்மாவிடம் இருந்தது. உங்கள் மாடியில் வாடகைக்கு இருந்த பிரான்ஸ் தேசத்து எலேன், போன மழைக்காலம் முழுக்க அந்த மாடியிலிருந்து தாங்கலைத்தான் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். கொக்கு, நாரை, தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் மலை, எல்லாம். ஊருக்குக் கிளம்பும்போது எனக்காக அதை ஒரு பென்டிரைவில் போட்டு உங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். என்னிடம் நேரில் கொடுக்காமல் உங்களிடம் கொடுத்ததைத்தான் வெள்ளைக்காரர்களின் வெகுளித்தனம் என்கிறேன். இன்னொரு பிரதி கேட்கலாம் என்றால் அவர் ஏதோ மலையில் மௌன விரதத்தில் உட்கார்ந்துவிட்டார், போன் அணைத்திருக்கிறது. அவர் எப்போது வாயைத் திறப்பாரோ, அதற்குள் டிப்பர் தன் வேலையை முடித்துவிடும்.

பென்டிரைவ் என் கைக்கு வந்தபோது அதன் நெற்றியில் சந்தனம், வாயில் குங்குமம். கேட்டால் சித்தி, "வெள்ளிக்கெழம வந்த சாமான், பொட்டு வெக்காம எப்பிடிக் கொடுக்கறது?" என்கிறார். பூஜை அலமாரியில் வைத்து மூன்று வேளை தீபாராதனையும் காட்டியிருக்கிறார். சித்தியை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் கணினிக்குள் நுழைய வேண்டிய வாயைக் குங்குமத்தால் அடைப்பது என்ற யோசனை ஒரு பெண்மணிக்குத் தானாக வருமா, பின்னால் யாராவது இருந்தார்களா என்று அன்றே யோசித்தேன். பழைய பல் துலக்கும் பிரஷால் சுத்தம் செய்து, வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் செழியன் அண்ணனின் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனேன். எங்கள் கடையைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கலெக்டர் ஆபீஸுக்கு மனு எழுத வருகிற பாதிப் பேர் எங்களிடம்தான் டைப் அடிக்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் பென்டிரைவ்களில் பாதிக்கு மேல் வைரஸ். அதனால் புரியாத பெயரில் எது இருந்தாலும் யோசிக்காமல் அழித்துச் சுத்தம் செய்த பிறகே கழற்றிக் கொடுக்க வேண்டும் என்பது செழியன் அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அந்த ஒழுக்கம் உள்ள கடை அது.

உள்ளே எல்லா வீடியோவையும் ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் மூட்டை இருந்தது. அதைக் கடைக் கணினியில் பிரித்தேன். பிரித்தால் வெளியே வந்த பெயர்களைப் பார்க்க வேண்டுமே சித்தப்பா! ஓர் எழுத்து, அதன் பக்கத்தில் ஜன்னல் கம்பி, அடுத்து தலையில் இரண்டு புள்ளி வைத்த இன்னொரு எழுத்து, பிறகு மீண்டும் கம்பி. மந்திரவாதி தகட்டில் கீறி வாசற்படியில் புதைப்பானே, அந்த மாதிரி. ஒன்றைத் திறந்தேன். அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது கணினி. கண் முன்னால் இருக்கிறது, அதைத் தொட்டுத்தான் திறக்கிறேன், இல்லை என்கிறது. சரி, பெயரை மாற்றலாம் என்று போனேன். இல்லாத கோப்புக்குப் பெயர் மாற்ற முடியாது என்றது. வேறு இடத்துக்கு நகல் எடுக்கப் போனேன், எல்லாவற்றையும் தாண்டிவிட்டு வெறும் பையைக் கொண்டுபோய் வைத்தது. செழியன் அண்ணன் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, "டேய் மாறா, கைய எடுறா, கைய எடு! வைரஸ்டா இது! எவனோ செஞ்சு அனுப்பிக்கிறான்டா உனுக்கு!" என்று அலறினார். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் தன் ஆதார் அட்டையைக் கணினிப் பக்கத்திலிருந்து மெதுவாக எடுத்து மடியில் செருகிக்கொண்டார்.

எவனோ செய்து அனுப்பியிருக்கிறான் என்ற அந்த ஒரு சொல்தான் எனக்குள் விழுந்தது. எவன்? பென்டிரைவ் யார் வீட்டிலிருந்து வந்தது? நான் டீ குடிக்க வெளியே போய் இதை யோசித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வருவதற்குள் செழியன் அண்ணன் பயத்தில், நான் மூட்டையைப் பிரித்து வைத்திருந்த கடைக் கணினியின் டிரைவையே ஃபார்மட் அடித்துவிட்டு, கணினிக்கு எலுமிச்சம்பழமும் சுற்றிப் போட்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் பௌர்ணமி. உங்கள் அன்னதானப் பந்தலுக்கு நான் வந்தது சாப்பிட அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். பந்தல் யாருடையது, விடுதிக்காரனுடையது. பேனரில் அவன் முகம் பெரிது, உங்கள் முகம் அதைவிடப் பெரிது. தாங்கலை மூடிக் கட்டுகிற விடுதிக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் காண்டிராக்ட் உங்களுக்குத்தான் என்று ஊரே பேசுகிறது. இருந்த தண்ணீரை மூடிவிட்டு, இல்லாத தண்ணீரை லாரியில் கொண்டுவந்து கொடுப்பது! இதைக் கண்டுபிடித்தவனுக்கு யாராவது சிலை வைக்க வேண்டும். நான் வரிசையில் நின்று, முறை வந்ததும் பென்டிரைவை நீட்டினேன்.

"இன்னா பண்ணீங்க சித்தப்பா இதுல?"

"டேய், தட்ட நீட்டுறா. சாம்பார் வேணுமா, ரசம் வேணுமா?"

"உண்மை வேணும்."

"அது நம்மகிட்ட இல்ல நைனா. வெண்பொங்கல் கீது, வெச்சுக்கோ."

பின்னால் நின்ற கூட்டம் தள்ளியது. ஆந்திராவிலிருந்து வந்த ஓர் அம்மா தெலுங்கில் என்னைத் திட்டினார். எனக்குப் புரிந்த ஒரே சொல் சாம்பார். "எனக்கு டிவி ரிமோட்டே உங்க சித்திதான்டா போட்டுக் குடுக்கணும், நான் எங்க போயி கம்ப்யூட்டர்ல கை வெக்கறது!" என்று கரண்டியால் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தீர்கள். சிரித்தபடியே என் கையிலிருந்த பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டீர்கள். பந்தல் காலியான பிறகுதான் அது திரும்பி வந்தது, சாம்பார் வாசனையோடு. அவ்வளவு நேரமும் அது உங்கள் பையில் இருந்தது. பந்தலுக்குப் பின்னால்தான் விடுதிக்காரனின் ஆபீஸ் அறை. அந்த அறையில் லேப்டாப் இருக்கிறது. ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். நீங்கள் நடுவில் ஒருமுறை "கை கழுவிட்டு வர்றேன்" என்று பின்பக்கம் போனீர்கள். கை கழுவ அவ்வளவு நேரமா? என்ன கழுவினீர்கள்?

நேற்று மதிவதனி சென்னையிலிருந்து வந்திருந்தாள். என்னோடு பள்ளியில் படித்தவள், சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். அவளிடம் அந்தப் பெயர்களைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். பார்த்ததும் சிரித்தாள். "இது வைரஸும் இல்ல, சூனியமும் இல்லடா. அந்தம்மா ஊர் எழுத்துக்கு மேல சின்னதா ஒரு கோடு வரும். அவங்க மெஷின் எழுத்தத் தனியா, கோட்டத் தனியா எழுதி ஒன்னாக் காட்டும். உங்க கடை மெஷின் பழசு, அதுல மூட்டையப் பிரிக்கிற சாஃப்ட்வேர் அதைவிடப் பழசு. அதுக்கு அந்தக் கோடு இன்னான்னே தெரியல. பேரக் கொதறி வெச்சிடுச்சு. அப்புறம் வீடியோ ஓட்டுற சாஃப்ட்வேருக்கு அந்தப் பேரப் படிக்கத் தெரியல, ஆளே இல்லன்னு சொல்லிடுச்சு. படத்துக்கு ஒன்னும் ஆவல. மூட்டையக் கொண்டா, வேற சாஃப்ட்வேர்ல பிரிச்சு, பேர ஒன்னு ரெண்டுனு மாத்திட்டா அஞ்சு நிமிஷ வேலை."

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது சித்தப்பா. கண் முன்னால் இருக்கிறது, ஆனால் பதிவில் உள்ள பெயரோடு ஒத்துப்போகவில்லை, ஆகவே இல்லை. இந்த நியாயத்தை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன், செருப்பில் சேறோடு நின்ற ஒருவர் வாயால். கணினி இதை அந்த அதிகாரியிடம் கற்றுக்கொண்டதா, அதிகாரி கணினியிடம் கற்றுக்கொண்டாரா தெரியவில்லை. பிரான்ஸ் எழுத்தின் தலையில் ஒரு கோடு இருந்தால் அது இல்லை. எங்கள் ஊர் ஏரியின் பெயர் தாளில் தரிசு என்று இருந்தால் அதுவும் இல்லை. அப்பா மாதிரி ஆட்கள் எந்தத் தாளிலும் சரியாக இல்லை, அதனால் அவர்களும் இல்லை.

பென்டிரைவைச் செருகினோம். மூட்டை இல்லை. இருந்தது செழியன் அண்ணனின் மச்சான் கல்யாண வீடியோ மட்டும். காலியாகத்தானே இருக்கிறது என்று முந்தாநாள் வெள்ளிக்கிழமை அவர்தான் போட்டு வைத்திருக்கிறார். மதிவதனி அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேர் ஒன்றை ஓட்டிப் பார்த்தாள். அழிந்த இடம் முழுக்கக் கல்யாணம் பரவி உட்கார்ந்துவிட்டது. "யாரோ வேணும்னே அழிச்சிக்கிறாங்க மாறா, இது தானாப் போவாது" என்றாள்.

யாரோ என்ன யாரோ. பொட்டக்காடு என்று சாட்சி சொன்னவர் நீங்கள். லாரி காண்டிராக்ட் உங்களுக்கு. பென்டிரைவ் இருந்தது உங்கள் பையில். லேப்டாப் இருந்தது உங்கள் பந்தலுக்குப் பின்னால். பௌர்ணமிக்கு மறுநாள் அப்பாவை நிறுத்தி, "திங்கக்கெழம போவப் போறியாண்ணா? வெயில் ஜாஸ்தி, இன்னாத்துக்கு அலையற?" என்று அக்கறையாகக் கேட்டவரும் நீங்கள்தான். பிறந்ததிலிருந்து அப்பாவின் வெயிலைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டதாக எனக்குத் தெரிந்து சரித்திரம் இல்லை. வெளியே இருக்கிற தாங்கலை டிப்பர் மூடுகிறது, பென்டிரைவில் இருந்த தாங்கலை நீங்கள் மூடிவிட்டீர்கள். டிப்பர்க்காரனாவது கூலிக்குச் செய்கிறான்.

எனவே கேட்டுக்கொள்வது, மூட்டையின் நகல் அந்த லேப்டாப்பில் இருந்தால் இன்று மாலைக்குள் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பௌர்ணமிக்கு உங்கள் பந்தலுக்கு எதிரே நானும் ஒரு பேனர் வைப்பேன். அதில் உங்கள் முகம் இன்னும் பெரிதாக இருக்கும், கைகூப்பி இருக்காது.

சித்திக்கு என் வணக்கம். அவர் வைத்த குங்குமத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களுக்கு அண்ணாமலையார் நல்ல உடம்பையும், போதுமான மழையையும், அந்த மழை நிற்க ஓர் இடத்தையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் முருகையன் மகன்,
மாறன்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்றதை எல்லாம் நீங்கள் அடித்துவிடலாம். நானே புதிதாக எழுதியிருப்பேன், நேரம் இல்லை. கடிதத்தை உறையில் போடக் கடைக்கு வந்தபோது செழியன் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, கத்தரிக்கோல் காணாமல் போனதிலிருந்து அவர் மாட்டிவைத்திருக்கும் கேமராவின் பதிவைப் போட்டுக் காட்டினார். பென்டிரைவ் வந்த முதல் நாள். மூட்டையை நான் பிரிக்கிறேன். பிரித்த கையோடு, பென்டிரைவில் மிச்சமிருந்த, புரியாத பெயர் கொண்ட அந்த மூட்டையைத் தேர்ந்தெடுத்து, குப்பைத் தொட்டிக்குக்கூட அனுப்பாமல் ஒரேயடியாக அழிக்கிறேன். கடை ஒழுக்கம். கண் வேறெங்கோ பார்க்கிறது, கை தன் வேலையைச் செய்கிறது. "நல்லாத்தான் கத்துக் குடுத்துக்கிறேன் உனுக்கு" என்றார் செழியன் அண்ணன். உங்கள் சட்டைப் பைக்குப் போனபோதே அது காலிப் பென்டிரைவ். நீங்கள் கை கழுவப் போனது கை கழுவத்தான்.

தலையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது பென்டிரைவுக்குப் பொட்டு வைத்த அதே தனம் சித்தி ஏதோ ஜெராக்ஸ் எடுக்க வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்தத் தாங்கல் படமா? அத்தயாடா தேடிகினு கீற? ஊட்ல தெனம் அதாண்டா ஓடுது" என்றார். எலேன் அம்மா கிளம்பும் முன்னால் தன் லேப்டாப்பிலிருந்தே, நீங்கள் டிவியில் பக்திப் பாட்டு கேட்கும் பென்டிரைவில் அதைப் போட்டுக் கொடுத்தாராம். உங்கள் டிவி பெயரைப் பார்ப்பதில்லையாம். பெயர் இருக்கும் இடத்தில் வெறும் கட்டம் கட்டமாகக் காட்டுமாம், அமுக்கினால் ஓடுமாம். ஊரில் ஒரு டிவிக்காவது அந்த நியாயம் இருக்கிறது.

"இன்னாத்துக்கு சித்தி தெனம் பாக்குறாரு?" என்று கேட்டேன்.

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அதுல அவருதானடா கீறாரு! தாங்கல் நடுவுல கழுத்தளவு தண்ணியில நின்னுகினு, தலைக்கு சீயக்கா தேச்சிகினு, மைனராட்டம் பாட்டுப் பாடறாரு. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டறாரு. இவ்ளோ அழகா என்ன எவனும் எடுத்ததில்ல தனம், அழிக்க மனசு வரலன்றாரு."

இப்போது ஞாயிறு மதியம். உங்கள் வீட்டு காம்பவுண்டு சுவரில் காகிதத்தை வைத்து இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். வாசற்கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது. மூன்று முறை கூப்பிட்டேன். "சித்தப்பா குளிக்கிறாரு" என்று நீங்களே சொன்னீர்கள். உள்ளே டிவி ஓடுகிறது. ஜன்னல் வழியாகத் தண்ணீர் அலம்பும் சத்தமும் உங்கள் பாட்டும் கேட்கின்றன. குளிப்பது உண்மைதான், எங்கே என்பதுதான் கேள்வி.

நாளைக் காலை வேங்கிக்காலில் கூட்டம். அந்தப் பென்டிரைவை நீங்களே எடுத்துக்கொண்டு அப்பாவோடு வாருங்கள். பொட்டக்காட்டில் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற அந்த மனிதர் யார் என்று அதிகாரி முன்னால் உங்கள் வாயால் சொல்லுங்கள். கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன், உறை மட்டும் என் கையில் இருக்கட்டும்.

உறையின் முதுகில் இதையும் எழுதித் தள்ளுகிறேன்: படித்துவிட்டீர்கள் என்று தெரிகிறது, டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டீர்கள். கதவைத் திறங்க சித்தப்பா.